தம்பியின் சீருடைப் படம்

தம்பியின் முப்பத்தோராம் நாள் நினைவு அட்டையில் இராணுவச் சீருடைப் படம்தான் வரவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றவன் நான்.

சண்டை தொடங்க வெகுகாலம் முன்பே இலங்கை இராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன் அவன். ஆனாலும் இயக்கம், இராணுவம் என்று இரண்டு பக்கத்துக்கும் பயந்து, அந்தப் படத்தைத் சுவரிலிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகி ஒளித்து வைத்திருந்தோம். இனியும் எதற்கு ஒளிக்க வேண்டும்?

"வேட்டி கட்டின படத்தப் போடுவம், அத்தான். மறுகா ஆரும் வந்து கேட்டா நான் என்ன சொல்ற?" என்று அவன் மனைவி அழுதாள். நான் கேட்கவில்லை.

இன்று காலை அச்சகத்தில் படத்தை மேசையில் வைத்தேன். சீருடையிலும் பல் தெரியச் சிரிக்கிறான். வீட்டு வாசல் படலையடியால் போகிற எல்லோரையும் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்த அதே சிரிப்பு.

பக்கத்தில் நின்ற ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்: "இவரு ஆரு ஐயா? ஊடு எங்க?"

"என்ட தம்பி. ஒரே வளவுதான். தேற்றாத்தீவு, சேர்ச்சுக்குப் பின்னால" என்றேன் வீம்பாக.

அவர் படத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"ஐயா, அடிக்கவா, விடவா?" என்றார் அச்சகக்காரர் மெதுவாக.

"அடியுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து படலையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தாலே எழும்பிப்போய் எட்டிப் பார்க்கிறேன். தம்பி இருந்தால் அந்த மனிதரையும் உள்ளே கூப்பிட்டிருப்பான்.

ஹெல்மெட் போட்டவரே, இந்தப் பதிவைப் பார்த்தால் முப்பத்தோராம் நாளுக்கு வாருங்கள், சோறு இருக்கிறது. ஆனால் நீங்கள் யார் என்று முதலில் இங்கேயே கீழே எழுதிச் சொல்லிவிடுங்கள்.