மழை பெய்தால் ஒத்திகை

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் டவுனில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. வேலைகளைத் திட்டமிட்டு நடத்துவது எப்படி என்று மாலை வகுப்பில் படித்து ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தேன். வேலைதான் கிடைக்கவில்லை. அப்பா சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் கும்பிட்டுவிட்டு, இதை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

பக்கத்து எஸ்டேட்டில் ஓர் அண்ணன் இருந்தார். பகலில் ரப்பர் பால் லோரி ஓட்டுவார், மற்ற நேரமெல்லாம் நாடகம். எழுதுவது, இயக்குவது, கதாநாயகனாக நடிப்பது எல்லாம் அவர்தான். ஆனால் அவருடைய ஒரு நாடகம்கூடக் கடைசிக் காட்சியை மேடையில் கண்டதில்லை. ஒத்திகை போதாமல் இழுத்துக்கொண்டே போகும். டவுன் மண்டபம் மூடும் நேரம் வந்து திரை விழுந்துவிடும். இந்தத் தீபாவளிக்கும் அப்படி ஆனால் இனிமேல் மேடை கிடையாது என்று மண்டபத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

நானாகப் போய் உதவட்டுமா என்றேன். "நாடகம் என்னா ஃபேக்டரியாமா, சர்ட்டிபிகேட் வச்சு ஓட்டுறதுக்கு?" என்று சிரித்தார். ஆனாலும் வேறு ஆள் இல்லாததால் சேர்த்துக்கொண்டார்.

பெரிய தாளில் கட்டம் போட்டு, தினமும் சாயங்காலம் ஒத்திகை என்று எழுதி ஒட்டினேன். நடிகர்களோ விடியும் முன்னே பெரட்டு என்கிற ஆள்கணக்கில் பேர் கொடுத்துவிட்டு, பால் எடுக்க ரப்பர் மரப் பட்டையை வெட்டி அலுத்து வந்தவர்கள். அண்ணன் உருகி உருகி வசனம் பேச, அம்மா வேஷம் போட்ட அக்கா சுவரில் சாய்ந்து குறட்டை விட்டார். அண்ணன் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

வகுப்பில் படித்த ஒன்று மட்டும் மண்டையில் நின்றது. ஆட்களுக்குக் கை எப்போது ஓய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பார்த்தேன். காலையில் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. எல்லாரும் தூக்கம் தெளிந்து, அன்றைய கூலி போன கவலையில் லயத்து வீடுகளிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, மழை பெய்தால் ஒத்திகை என்று புதுத் தாள் ஒட்டினேன்.

அதன் பிறகு மழை பெய்கிற காலையெல்லாம் திருவிழாதான். மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சைக்கிளில் நான் போய்ச் சேரும்போதே எஸ்டேட் கோயில் மண்டபத்தில் மரவள்ளிக்கிழங்கு ஆவி பறக்கும், பக்கத்தில் அரைத்த மிளகாய்ச் சம்பல். முனகிக்கொண்டு கிடந்தவர்கள்கூட வசனத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். மழைக்கு ஒரு காட்சி என்று கச்சிதமாகப் போனது. கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தபோது மழை நின்றது. தீபாவளி வரை ஒரே வெயில்.

நாடகத்தன்று அண்ணனின் கடைசிக் காட்சி முதல்முறையாக மேடைக்கு வந்தது, அதுவும் நேரத்தோடு. அது ஒன்றுதான் ஒத்திகையே பார்க்காத காட்சி. கோபித்துக்கொண்டு போன மகன் அம்மாவிடம் திரும்பி வருகிறான். அம்மா நீளமாக ஒரு வசனம் பேச வேண்டும். அக்கா வாயைத் திறந்தார், ஒரு வார்த்தை வரவில்லை. அண்ணனை ஏற இறங்கப் பார்த்தவர், வீட்டுக்கு யார் வந்தாலும் நாங்கள் கேட்பதையே கேட்டார்.

"பசியாறிட்டியாப்பா?"

வசனத்தில் புலியான அண்ணனுக்கும் எல்லாம் மறந்துபோனது. "இன்னும் இல்லம்மா" என்றார். அவ்வளவுதான் நாடகம். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அழுதுகொண்டே சிரித்தார்கள். நானும் திரைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன், திரையை இழுக்கவே மறந்துவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த அண்ணன், "இது உன் தாள்ல இருந்திச்சாமா?" என்று கிண்டலாகக் கேட்டார்.

"இல்லண்ணே. இங்க நேரத்தோட வந்து சேர்றதுக்குத்தான்லா தாளு," என்றேன். அடுத்த நாடகத்துக்கும் ஏற்பாடு நான்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

இப்போது விளம்பரத் துறையில் இருக்கும் என் மகள், திட்ட மேலாண்மைச் சான்றிதழ் படித்தால் தன்னைப் போலக் கற்பனையை வைத்து வேலை செய்பவர்களுக்கு உபயோகமா என்று கேட்டாள். யோசிக்காமல் படி என்றேன், ஏனென்றால் அந்த அக்கா வாய் திறக்க ஒரு மேடையும் நேரமும் மிச்சம் பிடித்துக் கொடுத்தவள் நான் என்ற சந்தோஷம் இன்றைக்கும் எனக்குக் குறையவில்லை.