உப்பில்லாத அரிசிம்பருப்பு

எங்கள் வீட்டில் சமைக்கச் சோம்பலாக இருக்கிற அன்று அரிசிம்பருப்புதான். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கி இறக்கினால் வேலை முடிந்தது. அந்தச் சோம்பேறிச் சோற்றுக்குப் போய் ஒரு கோடை விடுமுறையில் ‘பைத்ருகம்’ என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் பாரம்பரியம் என்று அர்த்தமாம். கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூட மைதானத்தில் உணவுத் திருவிழா. மேடையில் ஒயிலாட்டம், எதிரே வரிசையாகப் பந்தல்கள். அதில் ஒன்று எங்களுடையது.

இதற்கெல்லாம் அப்பா சம்மதிக்கிற ஆளே இல்லை. சம்மதித்ததற்குக் காரணம் அத்தை, அதாவது அவருடைய கடைசித் தங்கை. பொள்ளாச்சியிலிருந்து ஒரு மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் திருவிழா பார்க்கிற சாக்கில் அத்தையைப் பார்க்க வருவதாகப் பேச்சு. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் ஊர் வாயை மூட முடியாது. பந்தலில் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப் போகிறது? அத்தைக்கோ கோயமுத்தூரில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. “கட்டிட்டுப் போற ஊட்ல படிக்க வெச்சா படிக்கட்டும்” என்று அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தை வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எனக்கென்ன, கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை!

அம்மா மாரியம்மனுக்கு விரதம் இருந்தாள். சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர்தான். ஆகவே உப்புப் பார்க்கிற உத்தியோகம் என் தலையில் விழுந்தது. உலைத் தண்ணீரைக் கரண்டியில் ஊதி ஊதிக் குடித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். அம்மா அரிசியைக் களைந்து போட்டுவிட்டு வாழையிலை வாங்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் அத்தை உப்பு ஜாடிக்குள் கையை விட்டாள். ஒரு கை நிறைய அள்ளிப் பானைக்குள் போட்டாள். பிறகு இன்னொரு கை. திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் உதடு நடுங்கியது. ஐயோ பாவம், பயத்தில் கை தவறிவிட்டது என்று நினைத்தேன். கை இரண்டு தடவை தவறுமா என்று கேட்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

பானையை இறக்கும்போது அம்மா, “மறுக்கா உப்புப் பாரு கண்ணு” என்றாள். ஒரு பருக்கையை வாயில் போட்டேன். சாமி சத்தியமாக, நாக்கு எரிந்தது. சொன்னால் அத்தை தொலைந்தாள். “செரியா இருக்குதும்மா” என்று விழுங்கிவைத்தேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் வந்து சேர்ந்தார்கள். அப்பா நாற்காலிகளைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் போட்டார். அத்தை இரண்டு தட்டிலும் சோறு வைத்து நெய் ஊற்றினாள். மாப்பிள்ளை ஒரு வாய் அள்ளிப் போட்டார். மெல்லுவது அப்படியே நின்றது. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அதுவரை தலையைக் குனிந்தபடி இருந்த அத்தை, அப்போது நேருக்கு நேர் பார்த்தாள். மேடையில் பறை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது.

அவருடைய அம்மா பிசைந்து வாய்க்குக் கொண்டு போகும்போது, அவர் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “உங்களுக்குப் பிரஷரு இருக்குதுல்ல? இத்தன நெய்யி ஆகாது.” பிறகு இரண்டு தட்டையும் அவர் ஒருவரே வழித்துத் தின்றார். நெற்றியில் வேர்வை ஓடியது. கை கழுவிவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “உப்பே இல்லீங்க. சப்புனு இருக்குது. இது நமக்குச் செரிப்பட்டு வராதும்மா, எந்திரீங்க போலாம்” என்றார்.

அட பொய்யே! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பாவின் முகம் கறுத்தது. அவர்கள் நகர்ந்ததும் வெடித்தார். “ஒரு வாய்ச் சோத்துக்கு எந்தங்கச்சிய வேண்டாம்னு சொல்றானா? இவனுக எவனுஞ் சோறு திங்க வர வேண்டாம். நீ போய் நர்ஸிங்கே படி சாமி!” அம்மாவுக்கு என் மேல் கோபம். “உப்புப் பாத்த லட்சணமா இது?” என்று ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, இன்னும் ஒரு கை உப்பை வெந்நீரில் கரைத்துப் பானையில் ஊற்றிக் கிளறினாள். தண்ணீர் பிடித்து வரச் சொல்லிக் குடத்தை என் கையில் கொடுத்தாள்.

குழாயடியில் மாப்பிள்ளை. இரண்டு கையாலும் ஏந்தி ஏந்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், நிறுத்தவேயில்லை. எனக்கு ஆத்திரம். “ஏனுங்க, உப்பு இருந்துச்சுல்லீங்க?”

வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “சத்தமாச் சொல்லாத கண்ணு. உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லு, ஒரு பருக்க மிச்சம் வெக்காம நானே தின்னுட்டேன்னு.”

நான் திரும்பி வரும்போது பந்தலில் ஒரே கூச்சல். அடுத்துச் சோறு வாங்கிய ஆள் துப்பிவிட்டாராம். அம்மா தலையில் கை வைத்து, “என்ற கைதான் கெடுத்துப்போடுச்சு” என்று புலம்பினாள். இன்றுவரை அப்படித்தான் நம்புகிறாள்.

அத்தையைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துப் போய், மாப்பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எனக்கு மனசு கேட்கவில்லை. “அழுகாதீங்க அத்தை. அடுத்த மாப்பிள்ளைக்கு உப்ப நானே அளந்து போடறேன்” என்றேன்.

அவ்வளவுதான், என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு கன்னம் கன்னமாக முத்தம் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோறு கெட்டது, கல்யாணம் போனது, என் பட்டுப்பாவாடையும் போனது. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?