எமிலியா அக்காவின் விளக்குக்கரி

எமிலியா அக்கா போன செய்தியை எனக்குச் சொன்னது அண்ணன். வயல் வட்டையிலிருந்து அழைத்தார். வேளாண்மைக்குள் யானை இறங்கிவிட்டதாக்கும் என்று பயந்துகொண்டே எடுத்தேன். "புள்ள, எமிலியாக்கா போயிற்றாவாம்" என்றார். பேரப்பிள்ளைகள் கண்ட மனிதர் வரம்பில் நின்று மூக்கை உறிஞ்சுவது போனில் நன்றாகக் கேட்டது.

இதை வாசிக்கிற பலருக்கு அக்காவைத் தெரியும். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு எதிரே, அரச அனுமதியோடு துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் கடை வைத்திருந்தவர். கணவர் இறந்ததும் கடையைப் பூட்டிவிடுவார் என்று ஊர் நினைத்தது. அவர் துக்கம் முடிந்த கையோடு கடையைத் திறந்து, கணவரின் கதிரையில் ஏறி இருந்தார். அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "இரட்டைக்குழலப் பத்தி என்னத் தவிர இஞ்ச ஆருக்குத் தெரியும்?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்பார். கேட்க எரிச்சலாக இருக்கும். அது உண்மை என்பதால் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

எனக்குத் துவக்கு என்றாலே ஆகாது. நாங்கள் கண்ட காலம் அப்படி. ஆனாலும் பழைய துவக்கு ஒன்றை அவர் கையில் எடுத்துச் சோதிப்பதைப் பார்க்கவென்றே, பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கடையில் போய் இருந்திருக்கிறேன்.

ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த கனவான் ஒருவர், பாட்டனாரின் இரட்டைக்குழல் துவக்கைத் திருத்தி எடுத்ததாகச் சொல்லிப் பெருமையோடு கொண்டுவந்தார். முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. "சோக்கா மினுங்குது. அதுதான் எனக்கு யோசினையா இரிக்கி" என்றார் அக்கா. குழலின் நுனியைத் திருப்பிக் காட்டினார். இரண்டு குழல்களும் நுனியில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். இதிலே நடுவில் இடைவெளி. அதை ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள். "நுனிய ஆரோ வெட்டி இரிக்கான். இந்தப் பூவேலையப் பாருங்க, தேச்சுத் தேச்சு வழிச்செடுத்திற்றான்." கனவானுக்கு முகம் செத்துப் போயிற்று. அதே கிழமை வாழைச்சேனைப் பக்கத்து விவசாயி ஒருவர், தோளில் அணைக்கும் மரக்கட்டை பிளந்துபோக, அதற்கு வேறு மரத்துண்டு வைத்துப் பொருத்தின துவக்கோடு வந்தார். அக்கா அதை மடியில் வைத்து, பொருத்தின இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "இதுதான் திருத்தம். திருத்தினவன் திருத்தின இடத்த ஒளிக்கல்ல" என்றார்.

எங்கள் அப்பாவின் துவக்கு, யுத்தம் மூண்ட பிரச்சினைக் காலத்தில் எல்லோருடையதும்போல அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கொடுத்துவிட்டு வந்த அப்பா சாகும்வரை அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அது திரும்பக் கிடைத்தபோது, கட்டையில் அப்பா சுட்டு வைத்திருந்த மாட்டுக்குறியை, எங்கள் குடியார் தங்கள் மாடுகளுக்குச் சுடும் அடையாளத்தை, கண்டு அண்ணன் அழுதுவிட்டார். அக்காவிடம் கொண்டுபோனோம். குழலைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தார். குழல் வந்து பொருந்துகிற இரும்புப் பூட்டைப் பார்த்தார். இரண்டிலும் இலக்கம் வேறு வேறு. "தம்பி, கட்டையும் பூட்டும் உங்கட அப்பாடதான். குழல் வேற ஆருட அப்பாடயோ" என்றார். எங்கோ ஒரு களஞ்சியத்தில் கழற்றிக் குவித்ததை மறுபடி பூட்டும்போது மாறிப்போயிருக்க வேண்டும்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கொழும்பில் ஒருவர் எல்லாவற்றையும் சரிசெய்து தருவதாகச் சொன்னார். குழலின் இலக்கத்தை அழித்துப் பூட்டின் இலக்கத்தையே குத்துவாராம். கட்டையைச் சீவி அந்த மாட்டுக்குறியையும் எடுத்துவிடுவாராம். அண்ணன் பாதி மனத்தோடு அக்காவிடம் கேட்டார்: "ஆருக்கக்கா விளங்கப் போகுது?"

"ஏன், உனக்கு விளங்காதா?" என்றார் அக்கா. "சீவினா துவக்கு புதுசாகும். உன்ட அப்பன் அதில இரிக்க மாட்டார். பேசாம வெச்சிரு, நான் தேடித் தாறன்."

எனக்கு இது விசர் வேலையாகப் பட்டது. எங்கே போய்த் தேடுவது? வீணாக ஆசை காட்டி மனிசனைக் கெடுக்க வேண்டாம் என்று சண்டையும் பிடித்தேன். "நீ போய் உன்ட வேலையப் பாருகா" என்று துரத்திவிட்டார்.

அதன்பிறகு கடைக்கு வந்த ஒவ்வொரு இரட்டைக்குழலையும், வெறும் விசைவில் மாற்ற வந்ததானாலும், கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தார். எத்தனையோ போகம் கழிந்தது. பனிச்சங்கேணியிலிருந்து ஒரு தாய், இறந்துபோன கணவரின் துவக்கில் குழல் ஆடுகிறதென்று கொண்டுவந்தார். அதையும் யாரோ மினுக்கியிருந்ததில் பூட்டின் இலக்கம் முழுதாக அழிந்து, குழலின் இலக்கமும் தேய்ந்துபோய், குழலில் கடைசி எண் மட்டும் மிஞ்சியிருந்தது. எங்கள் பூட்டின் கடைசி எண்ணும் அதுதான். அக்கா இரண்டு வீட்டாரையும் ஒரு பின்னேரம் கடைக்குக் கூப்பிட்டார்.

மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தி வைத்தார். "இந்தத் துவக்குகள்ள குழலையும் பூட்டையும் ஒண்டுக்கொண்டு கையால அராவித்தான் பொருத்தினவங்க. தன்ட குழல் எண்டா எல்லா இடமும் ஒட்டும். கரி ஒட்டாட்டி ஒருத்தரும் என்னோட கோவிக்கப்படா" என்றார். எங்களிடமிருந்த குழலை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடித்து, எங்கள் பூட்டில் வைத்து மூடித் திறந்தார். ஒரு மூலையில் மட்டும் கறுப்பு. அதைத் துடைத்துவிட்டுப் பனிச்சங்கேணிக் குழலில் கரி பிடித்தார். மூடும்போதே சத்தம் வேறாக இருந்தது. திறந்து காட்டினார். பூட்டின் முகம் முழுவதும் ஒரே கறுப்பு. அண்ணன் அதை விரலால் தொடப்போய், கையை எடுத்துக்கொண்டார். அக்கா மற்றக் குழலில் மறுபடி கரி பிடித்து, அந்தத் தாயின் பூட்டில் வைத்துப் பார்த்தார். அதுவும் முழுவதும் ஒட்டியது. அக்கா கரிக்கையோடே சிலுவை போட்டுக்கொண்டார், நெற்றியெல்லாம் கரி.

அந்தத் தாய் அண்ணனைப் பார்த்தார். "வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் பூசி வெச்சன் தம்பி. உங்கட அப்பாட எண்டு எனக்குத் தெரியாது."

"நாங்களும் அப்பிடித்தான் அம்மா" என்றார் அண்ணன்.

பத்திரங்களில் இலக்கம் மாற்ற இரண்டு வீட்டாரையும் இழுத்துக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறியதும் அக்காதான். எல்லாம் முடிந்த அன்று என்னைப் பிடித்து, "இப்ப சொல்லுகா, இரட்டைக்குழல் ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் அக்கா" என்றேன். எரிச்சலே வரவில்லை.

அவரது நல்லடக்கத்தில் அந்தப் பனிச்சங்கேணித் தாயும் நாங்களும் கோயிலில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். பிறகு அண்ணனோடு வீட்டுக்குப் போனேன். அவர் துவக்கை எடுத்து மடக்கிக் காட்டினார். எல்லா இடமும் எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார், பூட்டின் முகத்தைத் தவிர. அன்றைய கரி அங்கே கொஞ்சம் மங்கி, அப்படியே இருந்தது. துவக்கென்றால் ஆகாத எனக்கு எமிலியா அக்காவிடமிருந்து மிஞ்சியிருப்பது அதுதான். ஆனாலும் பழக்க தோசத்தில் துணியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"வாவிக் காத்துக்கு இரும்பு கறள் புடிக்கும் அண்ணன். துடைக்காம வெச்சா அக்கா ஏசுவா" என்றேன்.

"ஏசட்டும் புள்ள" என்றார் அண்ணன். "வந்து ஏசட்டும்."