தட்டாமல் விட்ட பக்கம்

எண்பதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. திருப்பத்தூரில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஜவ்வாது மலையில் கரடி பார்க்கலாம் என்று என் கணவர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மற்றவர்கள் புதுப் பெண்டாட்டியை சினிமாவுக்குக் கூட்டிப்போவார்கள். இவருக்குக் கரடி! அவர் ஆபீஸில் அந்த மலையிலிருக்கும் புதூர்நாட்டுக்காரர் ஒருவர் வேலை பார்த்தார். பலா பழுக்கிற காலத்தில் கரடி தோட்டத்துக்கே வந்துவிடும் என்று அவர் சொன்னதிலிருந்து இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரிடமோ கேமரா ஒன்றை இரவல் வாங்கி வந்தார். நான் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்து டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டேன். வெளியே அலுத்துக்கொண்டாலும் உள்ளுக்குள் எனக்கும் ஆசைதான்.

பாதி மலை ஏறியதும் வண்டி சூடாகிவிட்டது. ஆறட்டும் என்று ஓரமாக நிறுத்தினார். கீழே பள்ளத்தாக்கு, மேலே மேகம், பக்கத்தில் நான். இப்படி ஒரு நேரம் பார்த்துத்தான் அந்த மனுஷர் வாயைத் திறந்தார்.

“எனக்கு ஓசூருக்கு மாற்றல் வரும் போல இருக்கு.”

“போல இருக்குன்னா? யார் சொன்னாங்க?”

“நான்தான் எழுதிக் கொடுத்தேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் அம்மா வீடு செங்கத்தில். நினைத்தால் பஸ் ஏறிப் போய் வரலாம் என்ற தைரியத்தில்தான் நான் திருப்பத்தூரில் வேர் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! எப்போது எழுதிக் கொடுத்தீர்கள், ஏன் சொல்லவில்லை, உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா, நான் வீட்டில் பெண்டாட்டியா இல்லை பீரோவா? நான் பேச ஆரம்பித்தால் கமா கூட வைக்கமாட்டேன் என்று எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். அன்றைக்கும் வைக்கவில்லை. பதிலுக்கு அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் மலையில் நாங்கள் பார்த்தது குரங்கு, கீரிப்பிள்ளை, தூரத்தில் ஒரு மயில். கரடியைக் காணோம். புளிசாதத்தை ஆளுக்கொரு பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் நடுநடுவே கேள்வி கேட்பேன், அவர் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருவார். காலையில் முதல் பஸ்ஸில் செங்கம் போய்விடுவது, இவர் ஓசூருக்குத் தனியாகவே போகட்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். வீம்புக்குச் சொல்லவில்லை. மனசுக்குள் துணிகூட மடித்து வைத்தாகிவிட்டது.

வெயில் தாழ்ந்ததும் திரும்பினோம். சிறிது தூரம் வந்திருப்போம், முன்னால் ஊர்ப் பக்கமிருந்து ஒரே கூச்சல். தகரத்தைத் தட்டும் சத்தம், ஆட்களின் கத்தல்.

“ஊர்ல ஏதோ தகராறு போல. அந்தப் பக்கம் வேணாம்” என்றார் அவர். காலையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர், ஊர்ச் சண்டைக்குப் பயந்து வண்டியைத் திருப்பினோம். காட்டை ஒட்டி ஒரு வண்டிப்பாதை சுற்றிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் ஈ காக்கை சத்தமில்லை. அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா வாயை விட்டுப் போவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அவர் பிளக்கைக் கழற்றி, குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார். நான் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். தகரச் சத்தம் நெருங்கி வந்தது. எதிரே உன்னிச்செடிப் புதர் சரசரவென்று அசைந்தது. ஏதோ மாடு என்று நினைத்தேன்.

மாடில்லை. கரடி!

கன்னங்கரேலென்று, சடை சடையாக மயிரோடு, மூச்சு வாங்கிக்கொண்டு பாதையின் நடுவில் நின்றது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர்தான். நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. கேரியர் மூடியை எடுத்து அடுக்கின் மேல் தடதடவென்று தட்ட ஆரம்பித்துவிட்டேன். சத்தம் போட்டால் ஓடிவிடும் என்று கை தானாக முடிவு செய்துவிட்டது.

கரடி ஓடவில்லை. பின்னங்காலில் எழுந்து நின்றது. மார்பில் அந்த வெள்ளைப் பட்டை தெரிந்தது, நகங்கள் தெரிந்தன. அதன் தொண்டையிலிருந்து வந்த உறுமல் என் வயிற்றுக்குள் கேட்டது. என் கணவர் ஸ்பானரும் கையுமாக எனக்கு முன்னால் வந்து நின்றார். ஒரு கையைப் பின்னால் நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“ஓடாத. என் பின்னாலயே இரு” என்றார். சண்டைக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய இரண்டாவது பேச்சு அது.

நான் தட்டுவதை நிறுத்தவில்லை. பயத்தில் இன்னும் வேகமாகத் தட்டினேன். அப்போது யாரோ ஒரு பெண் மேலே தோட்டத்திலிருந்து ஓங்கிக் கத்தினாள். மறுகணம் அங்கே தகரச் சத்தம் முழுதாக நின்றுபோனது. மற்ற பக்கங்களில் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே மட்டும் அமைதி. கரடி முன்கால்களைக் கீழே வைத்தது. தலையைத் திருப்பி அந்த அமைதியான திசையைப் பார்த்தது. பிறகு மேட்டில் ஏறித் தோட்டத்துக்குள்ளேயே ஓடி மறைந்துவிட்டது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே சிறிது நேரம் ஆனது. உறைத்ததும் அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன்.

கரடிக்கு ஒதுங்கி வழிவிட்ட ஒரு மலைக்காரரும் அவர் மனைவியும் தகர டப்பாவோடு மேட்டிலிருந்து ஓடி வந்தார்கள். எங்களைவிட அந்த மனிதர்தான் வெலவெலத்துப் போயிருந்தார்.

“யாரும்மா இந்தப் பக்கம் தட்னது?”

“நான்தாங்க.”

“இன்னாம்மா இப்டி பண்ட்டீங்க! பலாவுக்கு கரடி வந்தா மூணு பக்கம் தட்டுவோம். காட்டுப் பக்கம் மட்டும் தட்டாம வுட்ருவோம். அது அந்த வழியா போய்டும். நாலு பக்கமும் தட்னா அது எங்கம்மா போவும்? ஆளு மேலதான் பாயும்.”

நாங்கள் தேடிப்பிடித்து வந்து நின்ற அமைதியான பாதை, கரடிக்கென்று விட்ட வழி! அதையும் நான் தட்டி அடைத்திருக்கிறேன்.

“இந்த நேரத்துல இங்க ஆள் இருக்கும்னு நாங்களும் நெனைக்கலம்மா. ஏதாவது ஆயிருந்தா…” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாலாம் பக்கம் சத்தம் கேட்டதும் எனக்கு பகீர்னு ஆய்ட்ச்சு. பழம் போனா போவுது, நம்ம பக்கம் நிறுத்துங்கன்னு நான்தான் கத்துனேன்” என்றார் அவர் மனைவி. எங்கள் கேமராவைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கரடி பாக்கவா வந்தீங்க? நாங்க எப்படா அது கண்ல படாம இருக்கும்னு கெடக்கறோம்!”

எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. அவர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரும் பலாச்சுளையும் கொடுத்தார்கள். பிளக்கைப் புல்லில் தேடி எடுத்து மாட்டினோம். பெரிய ரோடு வரைக்கும் இரண்டு பேரும் கூடவே நடந்து வந்து வழியனுப்பினார்கள்.

இறங்கும்போது ஸ்கூட்டரில் நான் வாயே திறக்கவில்லை. கேள்வியெல்லாம் தொண்டை வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மலை முடிந்து சமவெளி வந்தபோது, நான் கேட்காமலே அவர் பேச ஆரம்பித்தார். ஆபீஸில் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் தினமும் அவரைக் கேவலமாகத் திட்டிக்கொண்டிருந்தாராம். அதைப் புதுப் பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கமாம். யாருக்கும் தெரியாமல் தப்பித்துப் போக ஒரு வழி தேடித்தான் மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தாராம். வண்டிச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் நான் செங்கத்துக்கு பஸ் ஏறவில்லை. அந்த வருடமே இரண்டு பேருமாக ஓசூருக்குப் போனோம்.

இன்றும் எங்களுக்குள் பேச்சு முற்றினால் மூன்று பக்கம் நான் நன்றாகவே தட்டுவேன், அதில் குறை வைப்பதில்லை. நாலாவது பக்கத்தை மட்டும் அவருக்கென்று சும்மா விட்டுவிடுகிறேன். அந்த வழியாக வெளியே போகிறவர், இத்தனை வருடங்களில் ஒருநாள்கூடக் காட்டுக்குப் போனதில்லை, சுற்றிக்கொண்டு என்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறார்.