நான் தைத்த லேபிள்கள்

தையல் எனக்கு நன்றாக வரும். அதுவே ஒரு நாள் வினையாகும் என்று யார் கண்டது?

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஓணத்துக்குத் துணி எடுக்கக் கிழக்கேகோட்டையில் ஒரு கடைக்குப் போனோம். அப்போதே அவள் நல்ல பூசின உடம்பு. ஒரு மஞ்சள் குர்த்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விற்கிற பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாடிப்படியில் நின்றவனிடம், "ஈ குட்டிக்கு டபுள் எக்ஸெல் உண்டோ?" என்று மலையாளத்தில் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். அவன் அங்கிருந்தே, வயசான அம்மாமார் பகுதியில் பார்க்கச் சொன்னான். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். குழந்தை என் முந்தானைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. துணி விற்க வந்தவளுக்கு என் பெண்ணின் உடம்பைப் பற்றி என்ன பேச்சு?

அதற்கப்புறம் அவள் எந்தக் கடைக்கும் வரவில்லை. பழைய குர்த்தி ஒன்றை அளவுக்கு எடுத்துப் போய் நானே வாங்கி வருவேன். பையைப் பிரித்ததும் கழுத்து லேபிளைத்தான் முதலில் பார்ப்பாள். டபுள் எக்ஸெல் என்று கண்டால் அந்தத் துணி அலமாரிக்குள் போய்விடும், வெளியே வராது. ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. அந்த லேபிளை பிளேடால் பிரித்து எடுத்துவிட்டு, என் தங்கை பெண்ணின் பழைய குர்த்தியில் இருந்த 'எல்' லேபிளை வைத்துத் தைத்தேன். அதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததே, அம்மாடி! கண்ணாடி முன்னால் நின்று பாட்டே பாடினாள். பிறகு எப்படி நிறுத்துவது? ஏழு வருஷம் தைத்தேன்.

போன வருஷம் அவளுக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஓணத்துக்கு அவள் பிரிவுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி கசவு என்கிற தங்க ஜரிகைக்கரை போட்ட குர்த்தி போடுவதாக ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் சைஸ் கேட்டதற்கு 'எல்' என்று போட்டுவிட்டதாகக் காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னாள். தோசைத் திருப்பி என் கையில் அப்படியே நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாவி, இன்னொரு தோசையை அவள் தட்டில் போட்டேன்.

எந்தக் கடை என்று மட்டும் கேட்டுக்கொண்டு, மறுநாள் அவளுக்குத் தெரியாமல் அங்கே ஓடினேன். ரகசியமாகப் பெரிய சைஸாக மாற்றிவிடலாம் என்று எண்ணம். அந்த டிசைனில் எக்ஸெல்லுக்கு மேல் வருவதே இல்லை என்றார் மேனேஜர். குண்டாக இருப்பவர்களுக்கு ஓணம் கிடையாதா என்று சண்டை போட்டேன். அவர் சிரித்தபடி, இதற்குச் சைஸே கிடையாது என்று ஒரு துப்பட்டாவை எடுத்துக் காட்டினார்.

விழா அன்று மத்தியானமே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். ஆபீஸ் பாத்ரூமில் அந்தக் குர்த்தி தோளில் மாட்டிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல், கூட வேலை செய்கிற பெண் கத்திரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தாளாம். கிழிந்த குர்த்தியையும் போட்டுப் போன குர்த்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டிலும் 'எல்'. அத்தப்பூக் கோலத்தைச் சுற்றி எல்லோரும் நின்று எடுத்த படத்தில் இவள் இல்லை.

அவள் அழவில்லை. அலமாரியில் இருந்த குர்த்திகளை எல்லாம் கட்டிலில் போட்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் என் வெள்ளை நூல். உனக்காகத்தான் செய்தேன் என்றேன்.

"கடைக்காரி ஒரு நாள்தான் சொன்னா, நான் இப்படி இருக்கப்படாதுன்னு. நீ ஏழு வருஷமா ஒவ்வொரு டிரஸ்லயும் தைச்சுத் தைச்சுச் சொல்லிண்டே இருந்திருக்கே, அம்மா."

பிளேடைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். என் தையல் கெட்டி. லேசில் பிரியவில்லை.