பம்பருக்குள் ஒரு டிபன் பாக்ஸ்

என் அண்ணியின் கண்ணில் படும்படி வீட்டில் எந்தப் பிளாஸ்டிக் சாமானையும் வைக்கக் கூடாது. வைத்தால் போச்சு. மறுநாள் அது அவளுடைய டாக்சியில் ஏதோ ஒரு மூலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கும். என் மகளின் ஸ்கேலில் பாதியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டோம். கடைசியில் அது ஏசி காற்று வரும் துவாரத்தில், உடைந்த தகட்டுக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்தது. பதினைந்து சென்டிமீட்டர்வரை அளந்துகொள்ளலாம். தெருவில் அவளுக்கு ‘ஒட்டு டாக்டர்’ என்று பெயர். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

அவளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான். நாங்கள் இருவரும் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் தரையடித் தளத்தில் அடுத்தடுத்த கவுன்டரில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலே கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். எட்டு வருஷம். அண்ணனுக்குப் பெண் தேடியபோது பக்கத்துக் கவுன்டரைக் கைகாட்டிவிட்டேன். அதனால் அண்ணி என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் ‘வா, போ’தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரு கிழட்டுக் காரை வாங்கி டாக்சி ஓட்ட ஆரம்பித்தாள். கார் நன்றாகத்தான் ஓடியது. அதன் பிளாஸ்டிக் மட்டும் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. முதலில் விரிசல் விட்டது டேஷ்போர்டு. விரிசலில் சமையல் சோடாவைத் தூவி, அதன்மேல் சூப்பர் க்ளூவைச் சொட்டினாள். நொடியில் கல்லாகிவிட்டது. அன்றைக்கு அவள் போட்ட ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! அதே வைத்தியத்தை பம்பருக்கும் செய்தாள். முதல் வேகத்தடையிலேயே பம்பர் கழன்று விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் அதைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. பம்பர் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது, அதை உருக்கித்தான் இணைக்க வேண்டும். உருக்குவதற்கும் அதே ஜாதிப் பிளாஸ்டிக்தான் வேண்டும். பம்பரின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டும் இரண்டு எழுத்து அச்சடித்திருக்கும். அதே எழுத்து டிபன் பாக்ஸ், வாளி, டப்பா மூடி என்று பலவற்றின் அடியிலும் இருக்கும். அன்று முதல் அவள் எந்தச் சாமானை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். விருந்துக்குப் போன இடத்திலும் அப்படித்தான். மானம் போகும்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாக ஓடிக்கொண்டிருந்த வண்டி தகுதிச் சோதனையில் மாட்டிக்கொண்டது. ஒரு தடவை ஃபெயில், மறு தடவையும் ஃபெயில். ஒரு மாதமாக டாக்சி வாசலிலேயே கிடந்தது. மூன்றாவது தடவையும் தவறினால் அனுமதி ரத்து. சூப்பர் மார்க்கெட்டில் அவளுடைய பழைய கவுன்டர் காலியாகத்தான் இருந்தது. அவள் திரும்பி வருவாளா என்று முதலாளி என்னிடமே கேட்டுவிட்டார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை, வாய் வரவில்லை.

சோதனை பதினோரு மணிக்கு. எட்டரைக்கே வண்டியை ரிவர்ஸில் வெளியே எடுத்தாள். நான் கேட் அருகில் நின்று வழி காட்டினேன்.

“வா... வா... இன்னும் வரலாம்... தாராளமா வா...”

டமார்!

நான் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் ஒன்று இருப்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. கேட்டின் கொக்கியில் மாட்டி பம்பரின் மூலை கிழிந்து தொங்கியது. அண்ணி இறங்கி வந்து பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவே இல்லை. 

“அண்ணி, என்னை ரெண்டு அடியாவது அடிச்சிடு.”

“அடிக்க நேரமில்லடி. அயர்னைச் சூடு பண்ணு.”

பிளாஸ்டிக்கை உருக்கும் சால்டரிங் அயர்னை பிளக்கில் செருகிவிட்டு, அதே இரண்டு எழுத்துப் போட்ட சாமானைத் தேடி வீடு முழுக்க அலசினோம். எல்லாமே ஏற்கெனவே காருக்குப் போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணனின் நீல டிபன் பாக்ஸ். அண்ணி அதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை, உள்ளே சாப்பாடு இருந்ததால் தலைக்கு மேல் தூக்கி அடியில் பார்த்தாள். முகம் மலர்ந்தது. சாப்பாட்டை ஒரு குண்டானில் கொட்டி அண்ணன் கையில் கொடுத்தாள்.

“என்ன இது?”

“உங்க சாப்பாடு.”

“பாக்ஸ் எங்கே?”

“அதுக்கு வேற வேலை வந்துடுச்சுங்க.”

பத்து வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்தியவர் என்பதால், அண்ணன் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் குண்டானைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

கிழிசலின் குறுக்கே கம்பித் துண்டுகளைச் சூடாக்கிப் பதித்தாள். பின்பக்கம் டிபன் பாக்ஸின் அடிப்பாகத்தை வெட்டி வைத்து, ஓரங்களை உருக்கி பம்பரோடு கலந்தாள். புகை வெளியே போகட்டும் என்று நான் விசிறியால் வீசு வீசென்று வீசினேன். வழக்கமாக அதன்மேல் பட்டி மாவு பூசித் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒட்டு இருந்த தடமே தெரியாமல் செய்வாள். அதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். அன்றைக்கு மணி பத்தேகால். பெயின்ட் டப்பாவைத் திறக்கக்கூட நேரமில்லை.

“அப்படியே போவோம், வா,” என்றாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அப்போதுதான்.

சோதனை அதிகாரி சிரித்து யாரும் பார்த்ததில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். பம்பருக்குக் கீழே டார்ச்சை அடித்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. அப்புறம் கீழேயிருந்து அவர் குரல் வந்தது, எழுத்துக்கூட்டி வாசிக்கிற மாதிரி.

“மூடியைக் கழற்றிவிட்டு... சூடுபடுத்தவும்.”

அவசரத்தில் பாக்ஸின் அடியில் அச்சடித்திருந்த மைக்ரோவேவ் குறிப்பைச் சுரண்ட மறந்திருந்தாள்! நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.  ஜன்னல் இல்லாத அந்தத் தளம் என் கண்முன் வந்து நின்றது.

“எந்த மூடிம்மா? இன்ஜின் மூடியா?” என்று கேட்டார் அதிகாரி.

 அவர் எழுந்தார். டயரில் ஒரு காலை முட்டுக் கொடுத்து, பம்பரின் மூலையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து இழுத்தார். கார் ஆடியது. நாங்கள் ஆடினோம். பம்பர் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். அவருடைய சட்டைப் பொத்தான்தான் தெறித்தது.

“யாரு வேலை இது?”

“நான்தான் சார். இதுக்கு முன்னாடி இருந்த ஒட்டெல்லாம்கூட நான்தான்.”

“ஒட்டுப் போட்டதுக்காகவா ரெண்டு தடவை ஃபெயில் பண்ணேன்னு நினைச்சீங்க?”

“ஆமா சார்...”

“மாவும் பெயின்ட்டும் பூசி மூடி வச்சிருந்தீங்க. உள்ள பிடிச்சு நிக்குதா, சும்மா ஒட்டிக்கிட்டிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்னைக்குத்தான் நீங்க செஞ்சதைக் கண்ணால பார்க்கிறேன். இவ்வளவு நல்ல வேலையை ஏம்மா மறைச்சீங்க?”

சொல்லிவிட்டுத் தாளில் முத்திரையைக் குத்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தோள் இரண்டும் குலுங்குவதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் எங்களுக்குச் சிரிப்புப் பீறிட்டது. வயிறு வலிக்க, கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தோம். பாதியில் அவள் சிரிப்பு அழுகையாகிவிட்டது. அப்போது அவள் போன் அடித்தது. யாரோ ஓர் அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம், டாக்சி இருக்கிறதா என்று கேட்டார்.

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“இருக்கும்மா,” என்றாள். “இருக்கு.”