காத்திருக்கத் தெரியாத பெட்டி

அந்தப் பெட்டிக்குக் காத்திருக்கத் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தலையில் நீல விளக்கு எரியும். அது எரியும்போதே என்ன பாட்டு வேண்டும் என்று மளமளவென்று சொல்லிவிட வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் விளக்கு அணைந்துவிடும். "மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை" என்று ஒரு பெண் குரல் குழைவாகச் சொல்லும். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பேச்சு அப்படியில்லை. ஒரு சொல் வரும். அடுத்த சொல்லைத் தேடி உள்ளே எங்கேயோ போவார், முகம் சிவக்கும், பிறகுதான் அது வரும். "பேச வைங்க. நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. பேசாம விட்டுட்டாருன்னா அப்படியே நின்னுடும்" என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் எச்சரித்திருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அதைக் கேட்டுத்தான் இந்த ஸ்பீக்கர் பெட்டியை வாங்கி அனுப்பினான். அப்பாவுக்குப் பாட்டென்றால் உயிர், பாட்டுக்காகவாவது வாயைத் திறப்பார் என்பது அவன் கணக்கு.

கணக்கு தப்பில்லை. ஆனால் அவர் பாட்டுப் போட்ட விதமே வேறு. கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டிரைவர் சீட்டுப் பக்கத்துப் பெட்டி நிறைய கேசட்டுகள். காலையில் முதல் நடைக்குச் சாமி பாட்டு, வேர்க்கடலை மூட்டையோடு ஜனம் ஏறும் மத்தியானத்துக்குப் பழைய பாட்டு, சாயங்காலம் காலேஜ் பிள்ளைகளுக்கு ஆட்டம் போடுகிற பாட்டு. ஏறுகிற முகங்களைப் பார்ப்பார், பெட்டிக்குள் கையை விடுவார், வேண்டியது வரும். எந்தப் பாட்டையும் அவர் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. அவரிடம் போய்ப் படத்தின் பெயர், பாட்டின் முதல் வரி எல்லாம் வரிசையாகச் சொல் என்றால் எங்கே போவார்?

முதல் வாரம் முயன்றார். பெட்டியின் பெயரைச் சொல்வதற்கே பாதித் தெம்பு போய்விடும். "அந்த... மழை..." என்பதற்குள் விளக்கு அணையும். மறுபடி கூப்பிடுவார். கூப்பிட்டு முடிப்பதற்குள் மழை எங்கோ போயிருக்கும். சில நேரம் கேட்ட அரைகுறையை வைத்துக்கொண்டு அது எதையோ பாட ஆரம்பிக்கும். அதை நிறுத்தவும் வாய்தான் வேண்டும். பாட்டுச் சத்தத்தில் அவர் குரல் அதன் காதில் ஏறாது. நான்தான் எழுந்துபோய் ஒயரைப் பிடுங்குவேன்.

"போன்லயே கையால தட்டிப் போடலாமேடா" என்று மகனிடம் கேட்டேன்.

"அப்புறம் அவரு எதுக்கும்மா பேசப் போறாரு?" என்றான். அதுவும் நியாயம்தான்.

பிறகு அவர் பெட்டியோடு பேசுவதை விட்டார். அதோடு நிற்கவில்லை, என்னோடும் பேசுவதை விட்டார். சோறு போதுமா என்றால் கையை மறிப்பார். டீ வேண்டுமா என்றால் கண்ணை மூடித் திறப்பார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என்னைத் திட்டவாவது வாயைத் திறக்கட்டும் என்று ஒருநாள் உப்பே போடாமல் குழம்பு வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார். அன்றைக்கு அடுப்படியில் நின்று அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்த ஒரு நாள். மகன் வந்திருந்தான். சாயங்காலம் கிளம்ப வேண்டும். கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வேங்கிக்கால் தெருமுனை வரைக்கும் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மகன் கடைசியாக ஒருதரம் முயன்றான்.

"அப்பா, இங்க பாருங்க. நிறுத்தாம ஒரே மூச்சுல சொல்லணும்." அவன் சொன்னான், பெட்டி உடனே பாடியது. நிறுத்திவிட்டு, "இப்ப நீங்க" என்றான்.

அவர் பெட்டியைப் பார்த்தார். பெயர் வந்தது. விளக்கு எரிந்தது. "அந்த..." என்றார். அணைந்தது.

"இல்லப்பா, மறுபடியும்." இரண்டாம் தரம் மிச்சத்தை இவனே சொல்லி முடித்தான். மூன்றாம் தரம் அவருக்குப் பெயரே வரவில்லை. "சொல்லுங்கப்பா, டைம் ஆவுது. மழைப் பாட்டுதானே? காலையில போடுவீங்களே, அதுவா? இல்ல, இதுவா?" ஒவ்வொன்றுக்கும் அவனே பெட்டியைக் கூப்பிட்டுச் சொல்ல, அது ஒன்று மாற்றி ஒன்றாகப் பாடியது. வெளியே ஹார்ன். அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மகன் முன்னாலும் தோற்றுப்போய் இன்றைக்கு வாயை மூடினால், இந்த மனுஷன் இனிமேல் திறக்கவே மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"ஹோல்டான்."

ஓடுகிற பஸ்ஸை நிறுத்தும் அதே குரல். எங்கும் தடுக்காமல், முழுசாக வந்தது. பெட்டிக்கு அந்த வார்த்தை தெரியாது, அது தொடர்ந்து பாடியது. மகன்தான் போய் சுவிட்சை அணைத்தான்.

அவர் இன்னும் முடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அடுத்த சொல்லைத் தேடிப் போயிருந்தார். என் நாக்கு நுனியில் ஏதேதோ வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். மகன் கடிகாரத்தைப் பார்த்தான், பையின் வாரை இறுக்கினான், ஆனால் பேசவில்லை. ஆட்டோக்காரர் மறுபடி ஹார்ன் அடித்தார்.

"அடுத்த..." என்றார். நாங்கள் அசையாமல் நின்றோம். "அடுத்த... வண்டி... இருக்கு."

இடது கையால் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காரு."

மகன் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தான். நான் வாசலுக்குப் போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தேன்.